கற்பூரத்தில் மூடிய கோப்புகள்

புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே,

உங்கள் பயிற்சிநெறிக்கு என்னைப் பேசக் கூப்பிட்டவர்கள், "தங்களது வெற்றி அனுபவங்களை இருபது நிமிடங்களில் பகிர்ந்துகொள்ளவும்" என்று கடிதம் அனுப்பியிருந்தார்கள். என் வெற்றிகளுக்கு இருபது நிமிடம் மிக அதிகம். அன்று மைக்கும் வேலை செய்யவில்லை. உங்களில் பின்வரிசையில் இருந்தவர்கள் கைத்தொலைபேசியில் ஏதோ மிக முக்கியமான ஆராய்ச்சியில் மூழ்கியிருந்தார்கள். குறையாகச் சொல்லவில்லை, உங்கள் வயதில் எனக்குத் தொலைபேசி இல்லாத காரணத்தால் நான் நித்திரை கொண்டேன். அன்று சொல்ல நினைத்ததை எழுதித் தருகிறேன். இது வெற்றி அனுபவம் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றிவிட்டேன் என்று சொல்லக்கூடாது.

நம் வேலையை வகுப்பில் நாற்பது படம் காட்டி விளக்கியிருப்பார்கள். எனக்குத் தெரிந்த மட்டில் அது இவ்வளவுதான். சிறு குற்றத்துக்கு ஒருவரைச் சிறைக்கு அனுப்புவதற்குப் பதிலாக நீதவான் நம்மிடம் அனுப்புகிறார். அவர் ஆறு மாதம் பள்ளிக்கூட வளவையோ ஆஸ்பத்திரி வளவையோ துப்புரவாக்க வேண்டும், போதைப் பழக்கம் இருந்தால் உளவளத்துணைக்குப் போக வேண்டும், திங்கட்கிழமைதோறும் நம் முன்னால் வந்து கையெழுத்து வைக்க வேண்டும். ஒழுங்காக வந்தால் கோப்பை மூடுவோம். வராவிட்டால் "கட்டளையை மீறினார்" என்று அறிக்கை எழுதுவோம். நீதவான் பிடியாணை போடுவார், ஆள் மறியல் சிறைக்குப் போவார். ஒருவன் இரவில் தன் வீட்டுப் பாயில் படுப்பதா, மறியல் சீமெந்தில் படுப்பதா என்பது பல நேரங்களில் நாம் எழுதும் ஒரு பந்தியில்தான் இருக்கிறது. இதை நினைத்தால் உங்களுக்குக் கை நடுங்க வேண்டும். எனக்கு நடுங்கவில்லை. நான் மிகவும் திறமையான உத்தியோகத்தராக இருந்தேன்.

கிளிநொச்சிக்கு மாற்றலாகி வந்த முதல் இரண்டு வருடமும் நான் ஒருவரையும் திருத்தவில்லை. துண்டுப்பிரசுரம் கொடுத்தேன், அதில் சுண்டல் கட்டினார்கள். கருத்தரங்கு வைத்தேன், சாப்பிடக் கொடுத்த றோல்ஸ் முடிந்ததும் கருத்தும் முடிந்தது. அப்போதுதான் கள்ளச்சாராயமான கசிப்பைக் குடித்து வழக்கில் அகப்பட்ட ஒருவரை அவருடைய மனைவி பிள்ளையார் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய், எரியும் கற்பூரத்தின் மேல் கை அடித்துச் சத்தியம் பண்ண வைத்தார். அந்த மனிதர் மூன்று மாதம் வெள்ளை வேட்டியோடு திரிந்தார். எனக்கு மூளையில் மின்சாரம் வந்தது. அரசாங்கத்துக்கு ஒரு சதம் செலவில்லாத மருந்து, கோயில் வாசலில் சும்மா கிடக்கிறது!

அன்றிலிருந்து மேசை லாச்சியில் ஸ்டேப்ளருக்குப் பக்கத்தில் ஒரு கற்பூரப் பெட்டி இருந்தது. புதிதாக வருபவரை முதல் வெள்ளிக்கிழமையே கோயிலுக்குக் கூட்டிப் போவேன். கோப்பில் "ஆன்மீக வழிகாட்டல் வழங்கப்பட்டது" என்று எழுதுவேன். கிறிஸ்தவர்களுக்கு மாதா சொரூபம். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பிள்ளையாரைவிட மாரியம்மனிடம்தான் பயம் அதிகம் என்றும் கண்டுபிடித்தேன். இந்த ஆய்வுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் எனக்குப் பட்டம் தரவில்லை.

சத்தியம் செய்தவர்கள் எல்லோரும் திங்கட்கிழமைகளில் வந்து, "விட்டிட்டன் சேர்" என்றார்கள். நானும் "விட்டார்" என்று எழுதினேன். தலைமைக் காரியாலயம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. பளையில் தென்னந்தோட்டத்தில் வேலை செய்த ஒருவரை என் வெற்றிக்கு அடையாளமாகக் கருத்தரங்குகளுக்குக் கூட்டிக்கொண்டு திரிந்தேன். ஒருகாலத்தில் பகல் முழுக்கக் கசிப்பில் கிடந்தவர். அவர் மேடையில் கண் கலங்கப் பேசுவார், சபையும் கலங்கும், நான் முன்வரிசையில் இருந்து தலையை ஆட்டுவேன். பளை அண்ணை என்றால் மாவட்டம் முழுக்கத் தெரியும்.

இப்படி நான் புகழின் உச்சியில் இருந்தபோதுதான் மோகன்ராஜ் வந்தான்.

முரசுமோட்டைப் பக்கம். முப்பத்திரண்டு வயது. தாய் தகப்பன் மலையகத் தோட்டத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவன் நெல் வெட்டும் மெசின் ஓட்டுநர். அறுவடைக் காலத்தில் மெசின் இரவு பகலாக ஓட வேண்டும், ஓட்டுபவனுக்கு மட்டும் நித்திரை வரக்கூடாது. அதற்கு யாரோ ஒரு முதலாளி கண்டுபிடித்த வழி ஐஸ் என்ற போதைப்பொருள். முதல் வருடம் "கண் முழிப்புக்கு" என்று கையில் வைத்தார்கள். மூன்றாம் வருடம் அறுவடை இல்லாத மாதங்களிலும் அவனுக்குக் கண் முழிப்புத் தேவைப்பட்டது. சிறிய பைக்கற் ஒன்றோடு பிடிபட்டான். மெசினும் நெல்லும் பிடிபடவில்லை, முதலாளியும்தான்.

முதல் நாள் அவனிடம் கேட்டேன்.

"விடுவீரோ?"

"விடப் பாக்கிறன் சேர்."

"பாக்கிற கதை இஞ்ச வேண்டாம். சத்தியம் பண்ணுவீரோ?"

அவன் தன் கைகளைப் பார்த்தான்.

"சத்தியம் ஏலாது சேர். திரும்ப எடுக்கமாட்டனெண்டு எனக்கே நிச்சயமில்லை. பொய்ச் சத்தியமாப் போயிடும்."

என் சேவைக் காலத்தில் என் கதிரைக்கு முன்னால் நின்று ஒருவன் சொன்ன முதல் உண்மை அது. நான் கோப்பில் என்ன எழுதினேன் தெரியுமா? "ஒத்துழைப்புக் குறைவு."

ஒத்துழைப்பை எப்படிக் கூட்டுவது என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்கு வரச் சொன்னேன். மனைவி செல்வி, காமன்ற்ஸ் ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிற பெண். மகளுக்கு ஐந்து வயது, இரட்டைப் பின்னல். கற்பூரத்தைக் கொளுத்தியும் மோகன்ராஜ் கை நீட்டவில்லை. ஐயர் என்னைப் பார்த்தார். எனக்கோ பத்தரைக்குக் கூட்டம். அவசரத்தில் மனிதனுக்கு நல்ல யோசனைகள் வரும் என்று யாரும் உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள்.

"அப்ப பிள்ளையின்ர தலையில கை வச்சுச் சொல்லும்," என்றேன்.

செல்வி அழத் தொடங்கினாள். ஐயர் மணியைத் துடைக்கப் போய்விட்டார். மோகன்ராஜ் பிள்ளையின் தலையில் கை வைத்தான். வைத்த கை நடுங்கியதில் பிள்ளைக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும், அது சிரித்தது. அவன் சொல்ல வேண்டியதைச் சொன்னான். நான் பத்தரைக் கூட்டத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

ஏழு திங்கட்கிழமை ஒழுங்காக வந்தான். ஆஸ்பத்திரி வளவில் அவன் கூட்டிய பகுதி மட்டும் தனியாகத் தெரியும். எட்டாவது திங்கள் வரவில்லை. ஒன்பதாவதும் இல்லை, பத்தாவதும் இல்லை. தொலைபேசி நிறுத்தப்பட்டிருந்தது. மற்ற அறிக்கைகளுக்கு இரண்டு கிழமை எடுக்கும் நான், இதை ஒரே மத்தியானத்தில் மூன்று பக்கம் எழுதி முடித்தேன். பெற்ற பிள்ளையின் தலையில் அடித்த சத்தியத்தை மீறியவன்! "திருந்தும் எண்ணம் சிறிதும் அற்றவர்" என்று ஒரு வசனம். எழுதிவிட்டு அதை இரண்டு தரம் வாசித்து ரசித்தேன். பிடியாணை வந்தது. இனி அவன் பிடிபட்டால் பழைய வழக்குக்கே தண்டனை, குறைந்தது ஒரு வருடம் உள்ளே.

அடுத்த கிழமை செல்வி அரைநாள் லீவு போட்டு, வேலை உடுப்போடேயே என் காரியாலயத்துக்கு வந்தாள். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"சேர், அவர் வீட்டையும் வாறேல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த அண்டைக்குப் போனவர்."

"என்ன காய்ச்சல்?"

"சும்மா காய்ச்சல்தான் சேர். நாலு நாளில மாறீட்டுது. அவர் பிள்ளையின்ர நெத்தியைத் தொட்டுப் பாத்தவர். 'என்னாலதான்' எண்டவர். ஆஸ்பத்திரிக்குக் காசைத் தந்துபோட்டுப் போனவர்தான்."

"ஏன் அப்பிடிச் சொன்னவர்? நீர் கேக்கேல்லையோ?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"கேக்கவேணுமோ சேர்? தலையில கை வைக்கச் சொன்னது நீங்கள்தானே."

எனக்கு அதற்குப் பிறகும் விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. இருபத்தைந்து வருடச் சேவை மனிதனின் மூளையில் நன்றாகப் படிந்துவிடும், ஒன்று உள்ளே போவதற்கு வழி இருக்காது. அவன் மறுபடி எடுத்திருக்கிறான். அடுத்த நாள் பிள்ளைக்குக் காய்ச்சல். சத்தியத்தை முறித்தது தகப்பன், தண்டனை பிள்ளைக்கு, கிட்ட இருந்தால் இன்னும் கூடும் என்று அவன் ஊரை விட்டே போயிருக்கிறான். திருந்தும் எண்ணம் சிறிதும் அற்றவன்.

அவன் உடையார்கட்டில் ஒரு மெசின் கொட்டிலில் வேலை செய்வதாக இன்னொரு ஓட்டுநர் செல்வியிடம் சொல்லியிருந்தார். இதைக் கேட்ட நிமிடமே நான் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். விதி அதுதான், உங்களுக்கும் அதைத்தான் படிப்பித்திருப்பார்கள், பிழையில்லை. ஆனால் பொலிஸ் விலங்கு போட்டுக் கொண்டுவந்தால் அவன் தப்பியோடிப் பிடிபட்டவன். தானாக வந்தால் நீதவானுக்கு யோசிக்க ஓர் இடம் இருக்கும். வழக்குக்கு இரண்டு நாள் இருந்தது. தொலைபேசியை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். செல்வி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் "சொந்த அலுவல்" என்று லீவுக் கடிதம் எழுதிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். உடையார்கட்டு என் மாவட்டமே இல்லை. நான் செய்தது சரியென்று இன்றும் எனக்கு முழு நிச்சயம் கிடையாது. அவன் அன்று ஓடியிருந்தால் என் ஓய்வூதியமும் அவனோடு ஓடியிருக்கும்.

பரந்தன் - முல்லைத்தீவு வீதி நெடுக, சொல்ல வேண்டிய புத்திமதிகளை வரிசைப்படுத்திக்கொண்டு போனேன். கொட்டிலில் அவன் மெசினின் பெல்ற்றுக்குக் கீழே படுத்திருந்தான். என் குரலைக் கேட்டு வெளியே வந்தான். ஓடவில்லை. ஆள் பாதியாகியிருந்தான். கையிலிருந்த கிறீஸைக்கூடத் துடைக்காமல் கேட்டான்.

"பிள்ளை இருக்கிறாளோ சேர்?"

வரிசைப்படுத்திய புத்திமதி எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இந்த மனிதன் ஒரு மாதமாக, தன் பிள்ளை உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல், கேட்கவும் பயந்து, இந்தக் கொட்டிலில் கிடந்திருக்கிறான். கிடத்தியது நான்.

"இருக்கிறாள்," என்றேன். "பள்ளிக்கூடம் போறாள். நேற்றுப் பென்சிலைத் துலைச்சுப்போட்டுத் தாயிட்டை அடி வாங்கினவளாம்."

அவன் அப்படியே நிலத்தில் இருந்து, கிறீஸ் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். எனக்கும் கண் கலங்கியது. கருத்தரங்கு அல்லாத இடத்தில் எனக்குக் கண் கலங்கியது அதுதான் முதல் தடவை.

பிறகு கேட்டேன். "ஒருக்கா எடுத்தால் என்னட்டை வந்து சொல்லியிருக்கலாமே?"

"உங்களிட்டையோ?" அழுகைக்கு நடுவிலும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. "சத்தியம் வாங்கினவரிட்டைப் போய் முறிச்சுப்போட்டன் எண்டு ஆர் சேர் சொல்லுவினம்? பளை அண்ணையே சொல்லேல்லை."

"அவருக்கென்ன?"

"அவர் எங்க சேர் விட்டவர்? உங்கட கூட்டத்துக்கு ஏறமுன்னம் கொஞ்சம் போட்டிட்டுத்தான் ஏறுறவர். இல்லாட்டிக் கை நடுங்குமாம். நீங்கள் கவலைப்படுவியளெண்டு ஒருத்தரும் உங்களுக்குச் சொல்லுறேல்லை."

பளை அண்ணையின் உரையில் பொங்கிய உணர்ச்சிக்கு நான் வேறு விளக்கம் வைத்திருந்தேன்.

"நாளையிண்டைக்கு வழக்கு," என்றேன். "கோட்டில சரணடையும்."

அவன் முகம் மாறியது. எழுந்து இரண்டடி பின்னால் போனான்.

"அந்தச் சொல்லை விடுங்கோ சேர். சண்டை முடிஞ்ச நேரம் என்ர அண்ணை சரணடையப் போறனெண்டு அம்மாவுக்குச் சொல்லிப்போட்டுத்தான் போனவர், இன்னும் வரேல்லை."

அறிக்கைகளில் நூறு தரம் எழுதிய சொல். எந்த மண்ணில் இருந்து எழுதுகிறேன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. படிவத்தில் இருக்கிறது என்பதற்காக ஒரு சொல்லை எங்கும் சொல்லிவிடாதீர்கள். "நான் இஞ்ச வந்து கூட்டிக்கொண்டு போறன்," என்றேன். "உமக்குப் பக்கத்திலதான் நிப்பன். திரும்பி வாறவரைக்கும் போகமாட்டன்." அவன் தலையசைத்தான்.

நீதவான் ஓர் அம்மா. மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்ப்பவர். என் மூன்று பக்க இலக்கியத்தைக் கையில் வைத்திருந்தார்.

"திருந்தும் எண்ணம் சிறிதும் அற்றவர் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்று நீங்களே கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறீர்கள். எது சரி?"

ஒரு மழுப்பல் என்னிடம் தயாராக இருந்தது. "புதிய தகவல்கள் கிடைத்துள்ளன" என்பது அது. அதைச் சொல்லியிருந்தால் என் மரியாதை தப்பியிருக்கும், அவன் தப்பியிருப்பானோ தெரியாது. பக்கத்தில் அவன் மூச்சு விடுவது கேட்டது. சொல்லிவிட்டேன், கற்பூரம், பிள்ளையின் தலை, காய்ச்சல், எல்லாவற்றையும். சட்டத்தரணிகள் வரிசையில் முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு மற்றவர்களும்.

"இந்தச் சத்தியம் மன்றின் கட்டளையில் எங்கே இருக்கிறது?"

"இல்லை, அம்மா. நான் வைத்த நிபந்தனை."

"அப்படியானால் கட்டளையை முதலில் மீறியது யார்?"

பதில் சொல்ல வேண்டிய கேள்வியா என்று எனக்குத் தெரியவில்லை. "நான்," என்றேன். சிரிப்பு நின்றது.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "உத்தியோகத்தரே, அம்மனுக்கு அழைப்பாணை அனுப்ப இந்த மன்றுக்கு அதிகாரம் இல்லை. இனிமேல் மன்று சொன்னதை மட்டும் செய்யுங்கள்." மோகன்ராஜின் பிடியாணையை மீளப் பெற்று, கட்டளையை இன்னும் ஆறு மாதத்துக்கு நீடித்தார். வாசலில் பிள்ளை நின்றது. அவன் கிட்டப் போகப் பயந்து நின்றான். பிள்ளைதான் ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டது.

கற்பூரப் பெட்டியைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமைக் கேள்வியையும் மாற்றினேன். "விட்டிட்டீரோ?" என்பதற்குப் பதிலாக, "இந்தக் கிழமை எத்தினை நாள் எடுத்தனீர்?" முதல் மாதம் ஒருவரும் நம்பவில்லை, இது ஏதோ புதுப் பொறி என்று நினைத்தார்கள். முதலில் வாய் திறந்தது பளை அண்ணை. "ஏழு நாளும், சேர்," என்றார். அவரை ஒழுங்கான சிகிச்சைக்கு அனுப்பினோம். மோகன்ராஜும் இடையில் மூன்று தரம் விழுந்தான். மூன்று தரமும் மறுநாளே வந்து சொன்னான். மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள், நானும் சொன்னதையே எழுதி அனுப்பினேன்.

தலைமைக் காரியாலயம் அதிர்ந்துவிட்டது. "தங்கள் பிரிவில் போதைப்பொருள் மீள்பாவனை திடீரென அதிகரித்தமைக்கான காரணத்தை விளக்கவும்" என்று கடிதம் வந்தது. "காரணம்: முன்னர் கேட்கவில்லை, தற்போது கேட்கிறேன்" என்று பதில் அனுப்பினேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. உங்கள் காலத்திலும் அந்தக் கடிதம் வரும். வராவிட்டால்தான் நீங்கள் பயப்பட வேண்டும்.

மோகன்ராஜின் கட்டளை முடிந்தது, கோப்பை மூடினேன், நானும் ஓய்வு பெற்றேன். போன மாசியில், அறுவடை நடக்கும் நாளொன்றில், மத்தியான நேரம் அவன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். தலைக்கவசத்தைக் கழற்றவில்லை.

"என்ன மோகன், என்ன அலுவல்?"

"ஒரு அலுவலுமில்லை சேர்." வீதியைத் திரும்பிப் பார்த்தான். "வயலில பெடியள் எடுக்கிறாங்கள். எனக்கும் கை போகப் பாக்குது. இன்னும் எடுக்கேல்லை. எடுக்கமுன்னம் வந்தனான்."

என்னிடம் அதிகாரம் இல்லை, படிவம் இல்லை, சொல்வதற்கு உருப்படியான ஒன்றும் இல்லை. மனைவி குசினியில் கதிரை போட்டுச் சோறு கொடுத்தார். சாப்பிட்டான். மகள் மூன்றாம் வகுப்பில் ஏழாம் வாய்பாட்டைப் பாடமாக்க முடியாமல் அழுவதைப் பற்றிக் கதைத்தோம். இடையில் அவன் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே அழுத்தி வைத்து அமர்ந்தான். நான் பார்க்காதது போல இருந்தேன். ஐந்து மணிக்கு எழுந்தான்.

"இப்ப பரவாயில்லை சேர். போட்டு வாறன்."

"நாளைக்கும் வாரும்."

"தேவைப்பட்டால் வாறன்."

மறுநாள் அவன் வரவில்லை. தேவைப்படாததாலா, வேறு காரணத்தாலா என்று தெரியாமல், நான் இருட்டும்வரை வாசல் படலையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். மனைவி இரண்டு தரம் வந்து என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டார். அதற்கடுத்த நாள் காலையில் தொலைபேசி அடித்தது. பின்னால் மெசின் ஓடும் சத்தம்.

"நேற்றும் எடுக்கேல்லை சேர்," என்றான். வைத்துவிட்டான்.